திறவுகோல் யார் கையில்? மிஸ்ரு நாட்டு அருங்காட்சியகங்களின் வரலாறு

மிஸ்ரு நாட்டுக்குச் சென்று திரும்பியவர் ஒருவரைக் கண்டால் நம்மவர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "ஃபிர்அவ்னின் உடலைப் பார்த்தீர்களா?" மதரஸாவில் ஓதும் சிறுவன் முதல் முதிய தாய்மார் வரை இக்கேள்வியை அறியாதவர் நம் வீடுகளில் இல்லை. காஹிரா நகரில் பண்டைய மன்னர்களின் பதப்படுத்தப்பட்ட உடல்கள் பல இருப்பது உண்மை. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள், 18 அரசர்களும் 4 அரசியரும் ஆக 22 உடல்கள், தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய அருங்காட்சியகத்திலிருந்து, ஹஸ்ரத் அம்ருப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நிறுவிய ஃபுஸ்தாத் பகுதியில் எழுந்துள்ள புதிய அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாகக் கொண்டு செல்லப்பட்டன. இவர்களுள் மூஸா நபி (அலை) அவர்களின் காலத்தவர் எவர் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த முடிவு இல்லை.

நாம் இங்கே எழுப்ப விரும்புவது வேறொரு வினா. அந்த உடல்களையும், அவற்றோடு கிடைத்த எண்ணற்ற பொருள்களையும் காத்து நிற்கும் அந்த வீட்டை முதன்முதலில் எண்ணியவர் யார்? கட்டியவர் யார்? அதன் திறவுகோல் இத்தனை காலமும் யார் கையில் இருந்தது? அந்நியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நாடுகள் தம் பழம்பொருள்களை இழந்ததும், மீட்டதும், மீட்க முடியாமற் போனதும் ஆகிய நெடுங்கதை முழுவதும் இவ்வினாவினுள் அடங்கியிருக்கிறது. மிஸ்ரின் கதையில் நமக்கென ஒரு தனிச் செய்தியும் உண்டு. அங்கே இப்பணியை முதலில் ஏற்றவர் நம்மைப் போல் கிதாபு ஓதிய ஓர் ஆலிம் ஆவார்.

முன்னோர் கொண்ட பார்வை

பண்டைய மிஸ்ரின் சின்னங்களை முஸ்லிம்கள் மதித்ததே இல்லை, ஐரோப்பியர் வந்த பின்னரே அவற்றுக்கு மதிப்பு உண்டாயிற்று என்று மேனாட்டு நூல்கள் பல எழுதி வந்தன. நம்மவரிலும் பலர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டனர். அரபு நூல்களை விரித்துப் பார்ப்போர்க்கு இது பாதி உண்மையே என்பது புலப்படும்.

பக்தாது நகரத்து மருத்துவரும் பேரறிஞருமான அப்துல் லத்தீஃப் (1162–1231) மிஸ்ருக்கு வந்து தாம் கண்டவற்றை 'அல்இஃபாதா வல்இஃதிபார்' என்னும் நூலாக எழுதினார். இதிபார் என்பது படிப்பினை பெறுதல். அஹ்ராம் எனப்படும் பிரமிடுகளை அவர் வியந்து எழுதுகிறார். அபுல் ஹவ்ல் எனப்படும் பெருஞ்சிலையின் முகத்தில் உறுப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்தி அமைந்த அளவைப் புகழ்கிறார். முந்தைய அரசர்கள் இச்சின்னங்களை அழியவிடாமல் காத்ததற்குக் காரணங்களும் கூறுகிறார். அவை காலக்கணக்கை அறியத் துணை புரிகின்றன. இறைவேதங்கள் குறிப்பிடும் சமுதாயங்கள் உண்மையில் வாழ்ந்தன என்பதற்குச் சான்றாகவும் நிற்கின்றன என்பது அவர் கருத்து. தம் காலத்தவர் புதையல் ஆசையால் அவற்றைச் சிதைப்பதைக் கண்டு அவர் வருந்துகிறார். சலாஹுத்தீன் அய்யூபியின் மகன் மலிக்குல் அஸீஸ் 1196-ஆம் ஆண்டில் சிறிய பிரமிடை இடிக்கத் தொடங்கி, எட்டு மாதம் ஆள் வைத்து உழைத்தும், அதன் ஒரு பக்கத்தில் ஒரு வடுவை மட்டுமே உண்டாக்க முடிந்ததென்ற செய்தியை நாம் அறிவதும் அவர் நூலினால்தான்.

அவருக்குப் பின் அபூ ஜஃபர் அல்இத்ரீஸி பிரமிடுகளைப் பற்றியே தனி நூல் ஒன்று எழுதினார். நபித்தோழர்கள் ஜீஸாவுக்கு வந்து, அவற்றின் அருகே வாழ்ந்தும், அவற்றுக்குக் கேடு செய்யவில்லை என்பதை அவர் சான்றாக எடுத்துக் காட்டினார். இமாம் மக்ரீஸி (1364–1442) தம் 'கிதத்' நூலில் காஹிராவின் பள்ளிவாசல்களையும் கடைவீதிகளையும் மட்டுமன்றி, பழைய இடிபாடுகளையும் பதிவு செய்தார்.

ஆகவே பார்க்கும் கண் நம் முன்னோர்க்கு இருந்தது. ஆனால் அந்தச் சுவர்களில் செதுக்கப்பட்டிருந்த எழுத்தைப் படிக்க எவராலும் இயலவில்லை. பொருள்களைத் திரட்டிக் காப்பதற்கென ஓர் இடமும் இல்லை. பிரமிடுகளின் மேற்பரப்புக் கற்கள் பெயர்க்கப்பட்டுக் காஹிராவின் கட்டடங்களுக்குப் போயின. இதையும் மறையாமற் சொல்வதே நேர்மை.

வெளியார் வருகை

1798-ஆம் ஆண்டு நெப்போலியன் படையுடன் மிஸ்ருக்கு வந்தான். படையோடு அறிஞர் குழு ஒன்றும் வந்தது. மறு ஆண்டில் ரஷீது என்னும் ஊரருகே பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஒரு கறுப்புக் கல்லைக் கண்டெடுத்தனர். ஒரே செய்தி மூன்று எழுத்து வடிவங்களில் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்று கிரேக்கம். 1801-இல் பிரெஞ்சுக்காரர் தோற்றபோது அந்தக் கல் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. 1802 முதல் அது இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் துணையால் 1822-இல் ஷாம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் பண்டைய எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டறிந்தார்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். மிஸ்ரின் கல், மிஸ்ரின் மண்ணில் கிடைத்தது. அதைக் குறித்து இரண்டு அந்நிய நாடுகள் பேரம் பேசின. மண்ணுக்குரியவரை எவரும் கேட்கவில்லை. இதன்பின் பழம்பொருள் சேர்ப்பது பெருவாணிகமாயிற்று. பிரெஞ்சுத் தூதர் துரொவெத்தியும் ஆங்கிலத் தூதர் சால்ட்டும் போட்டியிட்டுத் திரட்டிய பொருள்களே துரீன், இலண்டன், பாரிஸ் அருங்காட்சியகங்களுக்கு விலையாகி, அவற்றின் மிஸ்ருப் பிரிவுகளுக்கு அடித்தளமாயின.

அஸ்ஹரின் மாணவர்

இந்நிலையில்தான் ஷைகு ரிஃபாஆ தஹ்தாவி வருகிறார். 1801-இல் மேல் மிஸ்ரின் தஹ்தா என்னும் ஊரில் பிறந்து, அல்அஸ்ஹரில் ஓதி, ஷைகு ஹசனுல் அத்தாரிடம் பாடங்கேட்டவர் அவர். அப்போது மிஸ்ரை ஆண்ட முஹம்மது அலி பாஷா 1826-இல் மாணவர் குழு ஒன்றைப் பாரிசுக்கு அனுப்பியபோது, அக்குழுவுக்கு இமாமாகச் சென்றார். தொழுவிக்கச் சென்றவர், பிரெஞ்சு மொழியை முயன்று கற்று, மொழிபெயர்ப்பாளராகத் திரும்பினார். பாரிசில் கண்டவற்றை எழுதிய அவருடைய நூல் 1834-இல் வெளிவந்தது.

அந்நூலில் ஓரிடம் நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. மிஸ்ரின் உயர்ந்த கல்தூண்கள் ஐரோப்பாவுக்கு அனுப்பப்படுவதைக் குறிப்பிட்டு, முன்னோர் விட்டுச் சென்ற எழிலுக்கு மிஸ்ரே உரிமையுடையது என்றும், அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர்த்துச் செல்வது பிறருடைய நகையைப் பறித்து அணிந்துகொள்வதை ஒக்கும் என்றும் அவர் கருத்துரைக்கிறார். முஹம்மது அலியே லுக்ஸர் கோவில் தூணைப் பிரான்சுக்குக் கொடையாக வழங்கியிருந்த காலத்தில் எழுதப்பட்ட வரிகள் இவை. அந்தத் தூண் 1836-இல் பாரிசின் நடுவே நிறுத்தப்பட்டது.

1835-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், ஹிஜ்ரி 1251-இல், பாஷாவின் ஆணை ஒன்று பிறந்தது. பழம்பொருள்களை நாட்டைவிட்டு வெளியே கொண்டு செல்லக் கூடாது. கிடைப்பவற்றைக் காஹிராவில் ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். வருவோர்க்குக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். அந்த இடம் அஸ்பகிய்யாப் பகுதியில் இருந்தது. அங்கு வரும் பொருள்களை ஏற்கும் பொறுப்பு மொழிப்பள்ளியின் தலைவரான ஷைகு தஹ்தாவியிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னையில் ஆங்கிலேயர் அருங்காட்சியகம் அமைத்தது இதற்கு 16 ஆண்டுகள் கழித்தே ஆகும்.

ஃபிர்அவ்னுடைய நாட்டுச் சின்னங்களை ஓர் ஆலிம் ஏன் காக்க வேண்டும் என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். ஷைகு தஹ்தாவியின் வாழ்க்கையே இதற்கு விடை. பண்டைய மிஸ்ரின் வரலாற்றை அரபியில் நூலாக எழுதி 1868-இல் வெளியிட்டார். காப்பது வேறு, வணங்குவது வேறு என்னும் தெளிவு அவரிடம் இருந்தது. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைக் காணுமாறு பணிக்கப்பட்ட சமுதாயத்துக்குக் காண்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்க வேண்டுமன்றோ?

கையளித்தவர் யார்?

ஆணை நல்ல ஆணைதான், நிறைவேற்றுவோர்தாம் இல்லை. பாஷாவே பழம்பொருள்களை அரசியல் நட்புக்கான அன்பளிப்பாக எண்ணினார். கோவில்களின் கற்கள் ஆலைகள் கட்ட எடுக்கப்பட்டன. அடுத்து ஆண்ட அப்பாஸ் பாஷா 1850-இல் ஷைகு தஹ்தாவியைச் சூடான் நாட்டின் கார்த்தூம் நகருக்கு அனுப்பிவிட்டார், மொழிப்பள்ளியும் மூடப்பட்டது. அஸ்பகிய்யாச் சேகரிப்பு குறைந்து குறைந்து, கோட்டையின் ஓர் அறைக்குள் அடங்கிற்று. 1855-இல் மிஸ்ருக்கு வந்த ஆஸ்திரிய இளவரசர் மாக்ஸிமிலியனுக்கு, அடுத்த ஆட்சியாளர் சயீது பாஷா எஞ்சியிருந்த பொருள்களைப் பரிசாக அளித்துவிட்டார். அவை இன்றும் வியன்னா நகரில் உள்ளன.

அந்நியர் கொண்டு சென்றதை மட்டும் எழுதி, நம்மவர் எடுத்துக் கொடுத்ததை மறைத்தால் அது சரித்திரமாகாது.

மாரியத்தின் வீடு

1850-இல் ஒகுஸ்த் மாரியத் என்னும் பிரெஞ்சுக்காரர், பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்காகப் பழைய கிறிஸ்தவ ஏடுகளை வாங்க மிஸ்ருக்கு வந்தார். ஏடு கிடைக்கவில்லை. கையிலிருந்த பணத்தைக் கொண்டு ஸக்காராவில் மணலைத் தோண்டினார். புனிதக் காளைகளின் பெருங்கல்லறை வெளிப்பட்டது. அங்கே கிடைத்த பொருள்கள் ஆயிரக்கணக்கில் பாரிசுக்குப் போயின. அதே மாரியத்தை 1858-இல் சயீது பாஷா மிஸ்ரின் பழம்பொருள் துறைக்குத் தலைவராக நியமித்தார். 1863-இல் நைல் நதிக்கரையில் பூலாக் என்னும் இடத்தில் அவர் அமைத்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மக்கள் அதை 'அன்தீக்கஹானா' என்று துருக்கிய முறையில் அழைத்தனர். பழம்பொருள் வீடு என்பது இதன் பொருள். பின்னர் தூஹ்ஃபா, அதாவது அரும்பொருள், என்னும் சொல்லின் வழிவந்த 'மத்ஹஃப்' என்பதே அரபியில் நிலைத்தது.

மாரியத்தை முற்றிலும் பழிப்பதும் நீதியன்று. 1867-இல் பாரிசில் நடந்த பெருங்கண்காட்சிக்குப் பண்டைய அரசி அஹ்ஹொத்தெப்பின் நகைகள் அனுப்பப்பட்டன. பிரெஞ்சுப் பேரரசி யூஜினி அவற்றை விரும்பிக் கேட்டார். ஆட்சியாளர் இஸ்மாயீல் பாஷா தாம் மறுக்கத் துணியாமல் மாரியத்தைக் கைகாட்டினார். மாரியத் தம் சொந்த நாட்டுப் பேரரசிக்கே இல்லையென்று சொல்லிவிட்டார். நகைகள் மிஸ்ருக்குத் திரும்பின.

ஆனால் பொருளைப் பூட்டிக் காத்த அதே மனிதர் அறிவையும் பூட்டி வைத்தார். 1869-இல் ஜெர்மானிய அறிஞர் புருக்ஷ் என்பவரின் தலைமையில், மிஸ்ரு இளைஞர்களுக்குப் பண்டைய எழுத்தைக் கற்பிக்கும் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. மாணவர்கள் தம் வேலைக்குப் போட்டியாக வந்துவிடுவார்கள் என்று மாரியத் அஞ்சியதாகவும், அருங்காட்சியகத்தில் உள்ள எழுத்துகளைப் படியெடுக்க உள்நாட்டாரை விடலாகாதென்று உத்தரவிட்டதாகவும் புருக்ஷே எழுதி வைத்திருக்கிறார். சில ஆண்டுகளில் பள்ளி மூடப்பட்டது. படித்து வெளிவந்தவர்களுக்கு அவர்கள் கற்ற துறையில் வேலை இல்லை.

அஹ்மத் கமாலின் காத்திருப்பு

அந்தப் பள்ளியின் மாணவருள் ஒருவர் அஹ்மத் கமால். 1851-இல் பிறந்தவர். ஆசிரியராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் காலங்கழித்து, மாரியத் மறைந்த 1881-ஆம் ஆண்டளவில் அருங்காட்சியகப் பணியில் இடம் பெற்றார். அங்கேயே சிறு பள்ளி ஒன்று நடத்தி இளைஞர் சிலருக்குக் கற்பித்தார், அதுவும் நீடிக்கவில்லை. பிற்காலத்தில் துணைக் காப்பாளராக உயர்ந்தார். அருங்காட்சியகக் கையேடுகளை அரபியில் தந்தார். 1908-இல் தோன்றிய மிஸ்ருப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாற்றை அரபியில் போதித்தார். பண்டைய மொழிக்கும் அரபிக்கும் உள்ள உறவைக் காட்டும் பேரகராதி ஒன்றை 22 தொகுதிகளாகத் தொகுத்தார். அவர் கண்மூடும் வரை அது அச்சேறவில்லை. அவர் காட்டிய சொல்லுறவுகள் பலவற்றை இன்றைய மொழியறிஞர் ஏற்பதில்லை. எனினும் இரு மொழிகளும் தூரத்து உறவினர் என்பதில் ஐயமில்லை.

மிஸ்ருக்காரர்களுக்கு இத்துறையில் பயிற்சி அளிக்க வேண்டுமென்று அவர் முதுமையில் வலியுறுத்தியபோது, அப்போதைய தலைவரான பிரெஞ்சுக்காரர் லக்கோ, உம்மைத் தவிர உங்கள் நாட்டவர் எவரும் இதில் நாட்டம் காட்டவில்லையே என்றாராம். 65 ஆண்டுகளாக இத்துறையை நடத்தி வரும் நீங்கள் எங்களுக்கு என்ன வாய்ப்புத் தந்தீர்கள் என்று அஹ்மத் கமால் திருப்பிக் கேட்டதாகச் சொல்லப்படுகிறது. 1923-இல் அவர் காலமானார். அந்தப் பத்தாண்டில்தான் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கெனக் கல்வி முறையாகத் தொடங்கிற்று. அதைக் காண அவர் இல்லை.

பள்ளிவாசல் விளக்குகள்

இதே காலத்தில் இன்னோர் அருங்காட்சியகமும் உருவாகி வந்தது. மம்லூக் சுல்தான்கள் கட்டிய பள்ளிவாசல்களில் வண்ணமெழுகிய கண்ணாடி விளக்குகள் தொங்கின. அல்லாஹ்வை ஒளியாக உவமித்துரைக்கும் திருவசனம் பல விளக்குகளில் எழுதப்பட்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை ஒவ்வொன்றாக மறைந்து ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் தோன்றலாயின. கவனிப்பாரற்ற பள்ளிவாசல்களிலிருந்து மரவேலைப்பாடுகளும் பளிங்குகளும் விலைபோயின.

1881-இல் கதீவ் தவ்ஃபீக் அரபுக் கலைச் சின்னங்களைக் காக்கும் குழு ஒன்றை அமைத்தார். எஞ்சிய விளக்குகளும் பிற பொருள்களும் திரட்டப்பட்டு, 1884-இல் பாழடைந்திருந்த ஹாக்கிம் பள்ளிவாசலின் முற்றத்தில் வைக்கப்பட்டன. 1903-இல் பாபுல் கல்க் பகுதியில் தனிக் கட்டடம் எழுந்தது. அரசு நூலகமும் அதே கட்டடத்தில் இடம் பெற்றது. 'தாருல் ஆஸாரில் அரபிய்யா' என்று வழங்கிய அதுவே, 1950-களின் தொடக்கத்திலிருந்து இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் எனப் பெயர் பெற்றிருக்கிறது.

நம்முடைய தொழுகை இடங்களின் விளக்குகளைக் காக்கும் பணிக்கும் நெடுநாள் பொறுப்பாளராக இருந்தவர் ஹங்கேரி நாட்டு ஹெர்ஸ் என்பவரே. அவர் தம் பணியைச் செவ்வனே செய்தார் என்பதையும் நாம் ஒப்ப வேண்டும். முதல் உலகப்போர் மூண்ட 1914-இல், ஆங்கிலேயருக்கு எதிரி நாட்டவர் என்ற முறையில் அவர் வெளியேற நேர்ந்தது. அதன்பின் அலீ பஹ்ஜத் என்னும் மிஸ்ருக்காரர் பொறுப்பேற்றார். 1912 முதல் ஃபுஸ்தாதின் மண்மேடுகளை அகழ்ந்து, பழைய வீடுகளையும் தெருக்களையும் வெளிக்கொணர்ந்தவர் அவர். 1924-இல் அவர் மறைந்தார். பின்னர் 1926 முதல் 1951 வரை மீண்டும் ஒரு பிரெஞ்சு அறிஞரே தலைவரானார்.

முகப்பில் எழுதிய பெயர்கள்

1902 நவம்பரில் காஹிராவின் நடுவே, பிற்காலத்தில் தஹ்ரீர் எனப் பெயர் பெற்ற சதுக்கத்தில், பெரிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வரைபடம் தந்தவர் பிரெஞ்சுக்காரர். முகப்பில் இலத்தீன் வாசகம் பொறித்தனர். பண்டைய மிஸ்ரை ஆராய்ந்தோர் பெயர்களையும் செதுக்கினர். எல்லாம் ஐரோப்பியர் பெயர்கள். அந்த நாளில் அஹ்மத் கமால் அதே துறையில் பணியாற்றிக் கொண்டிருந்தார். நிலத்தை உழும் மிஸ்ரு விவசாயி ஒருவர் தம் மகனைக் கைப்பிடித்து அழைத்து வந்திருந்தால், உள்ளே இருந்த எழுத்தும் அவருக்குப் புரிந்திராது. வாசலில் இருந்த எழுத்தும் புரிந்திராது.

1882 முதல் மிஸ்ரு ஆங்கிலேயர் பிடியில் இருந்தது. 1904-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையில், மிஸ்ரின் பழம்பொருள் துறைத் தலைவர் தொடர்ந்து பிரெஞ்சு அறிஞராகவே இருப்பார் என்று எழுதிக்கொண்டனர். ஒரு நாட்டின் முன்னோர் சொத்துக்கு யார் காவலர் என்பதை வேறு இரு நாடுகள் தீர்மானித்தன.

இந்நிலை மிஸ்ருக்கு மட்டும் உரியதன்று. கல்கத்தாவில் 1814-இலும், சென்னையில் 1851-இலும், கொழும்பில் 1877-இலும் ஆட்சியாளர் அமைத்தவை, ஆளப்பட்ட நாட்டின் விளைபொருள்களையும் விலங்குகளையும் பழஞ்சிலைகளையும் வகைப்படுத்தி வைத்த இடங்களாகவே தொடங்கின. சென்னை மக்கள் உயிரில்லாதவை கிடக்கும் அவ்விடத்தைச் 'செத்த காலேஜ்' என்றே அழைத்தனர். தமக்கும் அதற்கும் உள்ள தூரத்தை அப்பெயரால் அவர்கள் சொல்லிவிட்டனர். கொழும்பு நூதனசாலையைப் பற்றியோ நம்மவர் நினைக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்த அழகிய வெண்ணிறக் கட்டடத்தைக் கட்டியவர் இலங்கை முஸ்லிமான அரசி மரைக்கார் வாப்பிச்சி மரைக்கார். பணி முடிந்ததும் என்ன பரிசு வேண்டுமென்று ஆளுநர் கிரெகரி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடி வைத்தால் போதும் என்று அவர் வேண்டினார் என்பது வழிவழி வந்த செய்தி. வெள்ளிதோறும் மூடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கட்டிய கைக்கு அந்த வீட்டில் கிடைத்த உரிமை அந்த ஒரு நாளே.

மீட்சியின் படிகள்

1912 டிசம்பரில் ஜெர்மானியர் அகழ்ந்த இடத்தில் அரசி நெஃபர்திதியின் வண்ணச் சிலை கிடைத்தது. கிடைத்தவற்றைப் பாதியாகப் பங்கிடும் அன்றைய விதிப்படி, மறு ஆண்டு நடந்த பங்கீட்டில் அது பெர்லினுக்குப் போயிற்று. பிற்காலத்தில் மிஸ்ரு பன்முறை கேட்டும் அது திரும்பவில்லை.

1922 பிப்ரவரியில் மிஸ்ருக்குப் பெயரளவில் விடுதலை வந்தது. அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் துத்தன்காமூன் மன்னரின் கல்லறைப் படிகள் வெளிப்பட்டன. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் உள்ளே இருந்தன. அகழ்வுக்குச் செலவிட்ட ஆங்கிலப் பிரபுவின் தரப்பு பங்கு கேட்டது. மிஸ்ரு அரசு இணங்கவில்லை. 1930-இல் அகழ்வுச் செலவுக்கு ஈடாகப் பணம் கொடுத்து, பொருள்கள் காஹிராவிலேயே நிறுத்தப்பட்டன. பங்கு தர மறுப்பதில் உறுதியாக நின்றவர்களுள் மேலே கண்ட பிரெஞ்சுக்காரர் லக்கோவும் ஒருவர் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1952-இல் அரசாட்சி கவிழ்ந்தது. துறையின் கடைசிப் பிரெஞ்சுத் தலைவரும் விலகினார். 1953-இல் முஸ்தஃபா ஆமிர் என்னும் மிஸ்ருக்காரர் தலைவரானார். ஷைகு தஹ்தாவியிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டு அப்போது 118 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1983-இல் வந்த 117-ஆம் எண் சட்டம் பழம்பொருள் வாணிகத்தையே தடை செய்தது.

சொந்த ஆட்சி வந்துவிட்டதால் எல்லாம் சீராயிற்று என்றும் சொல்வதற்கில்லை. அஸ்வானில் பேரணை கட்டியபோது, 1960-இல் யுனெஸ்கோ விடுத்த அழைப்பை ஏற்று உலக நாடுகள் உதவின. அபூ ஸிம்பல் கோவில்கள் அறுத்தெடுக்கப்பட்டு உயரமான இடத்தில் மீண்டும் அமைக்கப்பட்டன. ஆனால் அந்நதிக்கரையில் வாழ்ந்த நூபிய மக்கள் ஏறத்தாழ 50,000 பேர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். அவர்களுடைய வீடும் பள்ளிவாசலும் பேரீச்சந்தோப்பும் நீரில் மூழ்கின. 1997-இல் அஸ்வானில் நூபிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தம் வாழ்வைத் தாமே கண்ணாடிக்கப்பால் காணும் நிலை அம்மக்களுக்கு வாய்த்தது.

2011 ஜனவரி 28-ஆம் நாள் இரவு, நாடு கொந்தளித்த வேளையில், தஹ்ரீர் அருங்காட்சியகத்தினுள் கொள்ளையர் புகுந்தனர். சில பொருள்கள் உடைந்தன. சில களவு போயின. அப்போது வீதியிலிருந்த சாதாரண மக்கள் கைகோத்து அக்கட்டடத்தைச் சுற்றிக் காவல் நின்றனர். 2014 ஜனவரி 24-ஆம் நாள், எதிரே இருந்த காவல்துறைத் தலைமையகத்தைக் குறிவைத்து வெடித்த குண்டினால் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் சிதைந்தது. நூற்றுக்கு மேற்பட்ட பொருள்கள் சேதமுற்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றை ஒட்டியும் இணைத்தும் சீராக்கியவர்கள் மிஸ்ரு நாட்டுக் கைவல்லுநரே. 2017 ஜனவரியில் அது மீண்டும் திறக்கப்பட்டது. 2025 நவம்பர் 1-ஆம் நாள் ஜீஸாவில் பிரமிடுகளின் அருகே மாபெரும் அருங்காட்சியகம் முறையாகத் திறக்கப்பட்டது. துத்தன்காமூனின் பொருள்கள் அனைத்தும் முதன்முறையாக ஒரே இடத்தில் வைக்கப்பட்டன.

இவற்றுள் நம் உள்ளத்தைத் தொடுவது மாபெரும் கட்டடத்தைக் காட்டிலும் 2011-ஆம் ஆண்டின் அந்தக் கைச்சங்கிலியே. இலத்தீன் எழுதிய அதே வாசலின் முன், உழவரின் பேரப்பிள்ளைகள் இது எங்கள் வீடு என்று நின்றார்கள். 1902-இல் இது நடந்திராது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் படித்தார்கள். அஹ்மத் கமாலின் வழியில் வந்தோர் அவர்களுக்குக் கற்பித்தார்கள். சட்டம் ஒரு நாளில் பிறந்துவிடும். கட்டடத்தைச் சில ஆண்டுகளில் எழுப்பிவிடலாம். எழுத்தைப் படிக்கும் ஆற்றல் கைகூடத் தலைமுறைகள் ஆகின்றன. உண்மையான திறவுகோல் அதுவேயாகும்.

நம் வீட்டு அலமாரி

இதை எழுதும்போது நம் நினைவு கடற்கரை ஊர் ஒன்றுக்குச் செல்கிறது. அங்கே ஒரு பெரிய வீட்டில் மூதாட்டி ஒருவர் காலமானபின், அவருடைய மரப்பெட்டியிலிருந்த பழைய கிதாபுகளைப் பிள்ளைகள் மூட்டையாகக் கட்டிக் கிணற்றில் இறக்கினர். அவமதிப்பாக அதைச் செய்யவில்லை. அரபு எழுத்துள்ள தாள் காலடியில் படலாகாது என்னும் அதபினால் செய்தனர். செய்தி கேட்டு நாம் சென்றபோது ஒரே ஒரு நூல் மட்டும் எஞ்சியிருந்தது. விரித்துப் பார்த்தோம். அது அரபுத்தமிழ் நூல். தொழுகைச் சட்டங்களைத் தமிழிலேயே சொல்வது. ஓரத்தில் அந்தக் குடும்பத்துப் பெண்கள் மூன்று தலைமுறையாகக் குழந்தைகள் பிறந்த நாள்களைக் குறித்து வைத்திருந்தனர்.

பழைய காஹிராவின் யூதரும் எழுத்துள்ள தாளை எறிவதில்லை. தம் ஜெபக்கூடத்து அறை ஒன்றில் அவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் போட்டு வைத்த கிழிந்த தாள்களை, 1897-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஒருவர் மூட்டை மூட்டையாக எடுத்துச் சென்றார். செங்கடல் வழியே நம் மலபார்க் கரை வரை வந்த வணிகரின் கடிதங்கள் அவற்றுள் இருந்தன. அந்த வாணிகத்தைப் பற்றி உலகம் இன்று அறிந்துள்ளவற்றுள் பெரும்பகுதி அக்கிழிந்த தாள்களிலிருந்தே கிடைத்தது. எல்லாம் கிணற்றுக்குப் போயிருந்தால் எதுவும் தெரிந்திராது.

நம்மிடம் அரண்மனைகள் இல்லை, பெட்டிகள் இருக்கின்றன. நிக்காஹ் பதிவேடுகள், வக்ஃபுப் பத்திரங்கள், மரக்கலக் கணக்குகள், அரபுத்தமிழ்க் கிதாபுகள் ஆகியவை கரையானுக்கும் கிணற்றுக்கும் பழந்தாள் வியாபாரிக்கும் இடையே காத்துக் கிடக்கின்றன. ஆட்சியாளரிடம் கட்டடம் கேட்பதற்கு முன் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அரபுத்தமிழைத் தடையின்றி வாசிப்போர் இன்று பெரும்பாலும் வயது முதிர்ந்த தாய்மாரே. அந்தப் பெட்டியைத் திறந்து, அவர்கள் முன் வைத்து, அவர்கள் வாசிக்க, பேரப்பிள்ளைகள் பக்கத்தில் அமர்ந்து அந்த எழுத்தைக் கற்றுக்கொள்ளட்டும். அஹ்மத் கமாலுக்கு எழுத்தைப் படியெடுக்க அந்நியர் தடை விதித்தனர். நமக்குத் தடை விதிப்போர் எவரும் இல்லை.